தம்பி கிளம்பும் வரை

அக்டோபர் 3, 2025

பேரனுக்குப் படையில் சேர்க்கை உத்தரவு வந்துவிட்டது. நவம்பர் 1ஆம் தேதி காலை பெங்களூருவில் இருக்க வேண்டும். பேரன் என் காலில் விழுந்து எழுந்தான். தலையில் கை வைத்தேன். வாழ்த்து மட்டும் வாயில் வரவில்லை.

அக்டோபர் 4

பரணிலிருந்து டிரங்குப் பெட்டியை இறக்கித் துடைத்தேன். மூடியின் மேல் என் படை எண்ணும் பெயரும் வெள்ளை எழுத்தில் இன்னும் தெளிவாக இருக்கின்றன. இதைத்தான் எடுத்துப் போவேன் என்று பேரன் பிடிவாதம் பிடிக்கிறான். அடியில் விரித்திருந்த செய்தித்தாளுக்குக் கீழே, இலங்கையில் என்னோடு இருந்து திரும்பாத ஊத்தங்கரையானின் சீப்பு கிடந்தது. நான்கு பல் உடைந்த பழுப்பு நிறச் சீப்பு. எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

அக்டோபர் 6

நேற்றிரவு களி சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது, கைப்பேசியில் எதையோ படித்துக்கொண்டிருந்த பேரன் தலையைத் தூக்கி, "தாத்தா, நீங்கள் போன போர்களெல்லாம் போயிருக்க வேண்டிய போர்கள்தானா?" என்று கேட்டான். என்ன படித்தாய் என்று வாங்கிப் பார்த்தேன். அமெரிக்காவில் பியூ ஆய்வு மையம் 2019ஆம் ஆண்டு தம் நாட்டு முன்னாள் படைவீரர்களிடம், கொடுத்த விலையையும் கிடைத்த பயனையும் சீர்தூக்கிப் பார்த்தால் ஈராக் போரும் ஆப்கானிஸ்தான் போரும் நடத்தத் தக்க போர்கள்தானா என்று கேட்டிருக்கிறது. ஈராக் போர் அப்படிப்பட்டதில்லை என்று 64 சதவீதம் பேரும், ஆப்கானிஸ்தான் போர் அப்படிப்பட்டதில்லை என்று 58 சதவீதம் பேரும் சொல்லியிருக்கிறார்கள். பொதுமக்களிடம் அதே கேள்வியைக் கேட்டபோது வந்த விடை 62, 59. அதிகாரியாக இருந்தவர்களுக்கும் சிப்பாய்களாக இருந்தவர்களுக்கும், களத்தில் நின்றவர்களுக்கும் நிற்காதவர்களுக்கும் இதில் பெரிய வேறுபாடு இல்லையாம். எந்தக் கட்சியின் பக்கம் சாய்ந்தவர்கள் என்பதில்தான் விடை மாறியிருக்கிறது.

இதைப் படித்ததிலிருந்து மனம் நிலைகொள்ளவில்லை. அவர்கள் இப்படிச் சொல்லி இரண்டு ஆண்டுகள் கழித்து, 2021 ஆகஸ்ட் 15 அன்று, காபூல் நகரம் தாலிபான்களின் கைக்குத் திரும்பிப் போனதை நான் இதே வீட்டில் தொலைக்காட்சியில் பார்த்தேன். விமானத்தின் பின்னால் மக்கள் ஓடிய அந்தக் காட்சியைப் பார்க்க முடியாமல் எழுந்து மாட்டுக்கொட்டகைக்குப் போய்விட்டேன். அந்த 58 பேரை அன்று யாராவது நினைத்துப் பார்த்திருப்பார்களா?

பேரனுக்கு நான் பதில் சொல்லவில்லை. நேரமாகிவிட்டது, போய்ப் படு என்றேன்.

அக்டோபர் 7

தூக்கம் இல்லை. எங்களிடம் யாரும் கேட்டதில்லை.

அக்டோபர் 9

முன்னாள் படைவீரர் கேன்டீன் வரிசையில் ஒன்றரை மணி நேரம் நிற்க நேர்ந்தது. யாரும் கேட்காத கேள்வியை நானே கேட்டால் என்ன என்று தோன்றியது. எனக்கு முன்னும் பின்னும் நின்ற ஆறு பேரிடம் கேட்டேன். கார்கிலைப் பற்றிக் கேட்டதும் ஆறு பேரும் ஒரே குரலில், அது நம் மண், வந்து உட்கார்ந்தவனை எழுப்பித்தானே ஆக வேண்டும் என்றார்கள். 1987இல் அமைதி காக்கும் படையாக இலங்கைக்குப் போனதைப் பற்றிக் கேட்டதும் வரிசை அமைதியாகிவிட்டது. அங்கே போயிருந்த மூன்று பேரில் ஒருவர் எண்ணெய் டப்பாவின் விலையைப் பற்றிப் பேசத் தொடங்கினார். இன்னொருவர், "உத்தரவு வந்தது, போனோம். அதற்கு மேல் சிப்பாய்க்கு என்ன இருக்கிறது?" என்றார். மூன்றாமவர் பென்னாகரத்துக்காரர், காலில் இன்னும் உலோகத் துண்டு உள்ளவர். அவர் என் கையைப் பிடித்து அழுத்தினார், ஒன்றும் சொல்லவில்லை.

அக்டோபர் 11

38 ஆண்டுகள். இன்றிரவுதான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் திடலில் எங்கள் படையினர் ஹெலிகாப்டர்களில் போய் இறங்கினார்கள். சீக்கிய இலகு காலாட்படையின் 30 பேரில் 29 பேர் அங்கேயே இறந்தார்கள். ஒருவர் மட்டும் பிடிபட்டு உயிர் தப்பினார். அவர்கள் இறங்கப் போவதை எதிரில் இருந்த விடுதலைப் புலிகள் முன்பே அறிந்து காத்திருந்தார்கள். ஆகஸ்டில் நாங்கள் போய் இறங்கியபோது எங்கள் கழுத்தில் மாலை போட்ட ஊர் அது. மாலைக்கும் துப்பாக்கிக்கும் இடையில் மூன்று மாதம்கூட இல்லை.

அக்டோபர் 14

மகள் பாலக்கோட்டிலிருந்து வந்து சமையலறையில் அழுதுகொண்டே, "அவனிடம் எதையும் சொல்லிக் கலைத்துவிடாதீர்கள் அப்பா" என்றாள். அக்னிவீர் என்றால் நான்கு ஆண்டு வேலை. அது முடிந்ததும் நான்கில் ஒருவரைத்தான் வைத்துக்கொள்வார்கள். நானும் இதே படைப்பிரிவில்தான், இதே பெங்களூருவில்தான் சேர்ந்தேன். எனக்கு ஓய்வூதியம் இருந்தது. இதையெல்லாம் கலைப்பதற்காகவா சொல்வேன்?

பெட்டிக்குக் கறுப்பு வண்ணம் ஒரு பூச்சு கொடுத்தேன். காய்ந்ததும் என் எண் அடியிலிருந்து மேலே தெரிகிறது.

அக்டோபர் 17

காவேரிப்பட்டணத்துக்குப் போய் சுபேதார் ஐயாவைப் பார்த்தேன். வாரத்துக்கு இரண்டு முறை டயாலிசிஸ். குரல் மட்டும் பழைய அணிவகுப்புக் குரல்தான். கேள்வியைச் சொன்னதும் படுக்கையிலிருந்து எழுந்து உட்கார்ந்துகொண்டார்.

பயனே இல்லை என்று நான் சொல்லிவிடக் கூடாது என்பது அவர் வாதம். "1987இல் நாம் போனதால்தான் அந்த நாட்டுச் சட்டத்தில் 13ஆவது திருத்தம் வந்தது. மாகாண சபை என்று ஒன்று இன்றைக்கும் ஏட்டில் இருக்கிறது. அதற்குப் பிறகு இத்தனை ஆண்டுகளில் அதைவிடப் பெரிதாக எவன் வாங்கிக் கொடுத்தான்?" என்றார். ஏட்டில்தானே இருக்கிறது ஐயா என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. அவர் வீட்டு அம்மா காபி கொண்டுவந்து வைத்துவிட்டு என்னை முறைத்தார்கள்.

பேருந்தில் வரும்போதெல்லாம் அவருக்குச் சொல்லாத பதிலை எனக்குள் சொல்லிக்கொண்டு வந்தேன். எங்களை அழைத்த இலங்கை அரசே 1989இல் வெளியேறச் சொன்னது. எங்களை எதிர்த்தவர்களுக்கு அதே அரசு ஆயுதமும் கொடுத்தது. 1990 மார்ச் 24 அன்று கடைசிப் படையும் கப்பல் ஏறியது. மூன்று மாதம் முடிவதற்குள், ஜூன் மாதத்தில், அங்கே மீண்டும் போர். அமைதி காக்கும் படை என்று பெயர் வைத்துக்கொண்டு போனோம், எந்த அமைதியைக் காத்தோம்? ஏறத்தாழ 1,200 பேரை விட்டுவிட்டு வந்தோம். சென்னைத் துறைமுகத்துக்குப் படை வந்து சேர்ந்தபோது மாநில முதல்வர் வரவேற்க வரவில்லை. அதற்காக நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன், அங்கே செத்தவர்களும் தமிழர்கள்தாம், ஆனால் ஊருக்கு வந்து பேருந்திலிருந்து இறங்கிய அன்றே ஒருவர், "எத்தனை தமிழனைச் சுட்டாய்?" என்று கேட்டபோது, அந்தக் கேள்வியை என்னிடம் கேட்பது எந்த விதத்தில் நியாயம் என்றும் தோன்றியது. கார்கிலிலிருந்து வந்தபோது அதே பேருந்து நிலையத்தில் மாலை போட்டார்கள். இரண்டு இடங்களிலும் என் வேலை ஒன்றுதான். மண்ணுக்குள் இருப்பதைக் கம்பியால் குத்திப் பார்த்துத் தேடி எடுப்பது.

கார்கிலுக்குப் பிறகாவது கே. சுப்ரமணியம் தலைமையில் குழு போட்டு, எங்கே கோட்டை விட்டோம் என்று எழுதி வைத்தார்கள். 527 பேர் இறந்த கணக்குக்கு ஒரு புத்தகம் இருக்கிறது.

அக்டோபர் 20, தீபாவளி

கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தேன். பேரன் என் பொருட்டு வெடி வாங்கவில்லை.

அக்டோபர் 21

1987இல் தீபாவளி இதே அக்டோபர் 21ஆம் தேதி. அன்றுதான் யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் எங்கள் படை நுழைந்தது. உள்ளேயிருந்து சுட்டார்கள் என்பது படையின் தரப்பு. நோயாளிகள், மருத்துவர்கள், செவிலியர்கள் என்று 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நான் அங்கே இல்லை. இல்லை என்பதை எத்தனையோ இரவுகளில் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நான் இருந்த இடத்தை எழுதுகிறேன். அதற்குச் சில நாட்கள் கழித்து, கிடுகு வேலி போட்ட, ஒழுங்கை என்று அவர்கள் சொல்லும் ஒரு சந்தில் வீடு வீடாகச் சோதனை. கண்ணிவெடி எடுக்கப் போன என்னை, தமிழ் தெரிந்தவன் என்பதால் அதிகாரி பக்கத்தில் வைத்துக்கொண்டார். ஒரு வீட்டிலிருந்து பதினாறு பதினேழு வயதுப் பையனைக் கூட்டி வந்தார்கள். கையில் மசி. பேனாவை மூடக்கூட நேரம் கொடுக்கவில்லை போலும். தாய் பின்னாலேயே ஓடி வந்தாள். அதிகாரியைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். "தம்பி, நீங்களும் தமிழ்ப் பிள்ளைதானே. நீங்கள் சொன்னால் அவை கேப்பினம்தானே" என்றாள். என்ன சொல்கிறாள் என்று அதிகாரி கேட்டார். பையனுக்கு எதுவும் தெரியாது என்று சொல்கிறாள் சாப் என்று இந்தியில் சொன்னேன். அவள் சொன்ன வாக்கியத்தை நான் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால் விட்டிருப்பார்களா என்பது வேறு. அது எனக்காகச் சொல்லப்பட்டது, நான் அதைக் கேளாதவன்போல் நின்றேன்.

எங்கள் படைப்பிரிவில் எல்லோரையும் 'தம்பி' என்றுதான் அழைப்பார்கள். அந்த வழக்கம் அவளுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. எதிரில் நின்றவர்கள் தங்கள் தலைவரையும் தம்பி என்றே சொன்னார்கள். நாளைக்கு என் பேரனும் தம்பி.

அக்டோபர் 22

மழை. பெட்டிக்கு இரண்டாம் பூச்சு கொடுக்க முடியவில்லை.

அக்டோபர் 26

ஞாயிற்றுக்கிழமை. பேரனை வேடியப்பன் கோயிலுக்குக் கூட்டிப் போனேன். கோயில் என்று பெயர். புளியமரத்தடியில் நிற்கும் ஒரு நடுகல்தான். ஒரு கையில் வில், மறு கையில் வாள், காலடியில் இரண்டு மாடு. ஊர் மாட்டை ஓட்டிக்கொண்டு போனவர்களை மறித்து, மீட்டு, செத்தவன். எங்கள் பக்கத்தில் இப்படிக் கல் இல்லாத ஊர் குறைவு. எதற்காகச் செத்தான் என்பது கல்லைப் பார்த்தாலே தெரிகிறது, அதைக் கேட்க வேண்டிய தேவையே இல்லை. ஊத்தங்கரையானுக்குக் கல் வைத்தால் காலடியில் எதைச் செதுக்குவது? வவுனியாச் சாலையில் ஒரு மதகுக்கு அடியில் குனிந்தவன் நிமிரவில்லை. அவன் வீட்டுக்குச் சாம்பல் மட்டும் வந்தது. சீப்பை அவன் தாயிடம் கொடுக்க எடுத்துப் போய், கொடுக்காமல் திரும்பி வந்தவன் நான்.

அந்தப் போர் வேண்டாத போர் என்று இத்தனை காலமும் நான் வாய்விட்டுச் சொல்லாததற்கு ஒரே காரணம், சொன்னால் அவன் வீணாகச் செத்தான் என்று ஆகிவிடுமோ என்ற அச்சம்தான். அந்த அமெரிக்கர்களுக்கும் இப்படி ஓர் ஆள் இருந்திருப்பானே, அவனை வைத்துக்கொண்டுதானே 64 பேர் சொன்னார்கள்? ஊத்தங்கரையான் தன் வேலையைக் குறையில்லாமல் செய்தான். அனுப்பியவர்கள் அனுப்பியிருக்கக் கூடாது. இரண்டையும் ஒரே வாயால் சொல்லலாம். இதைப் புரிந்துகொள்ள எனக்கு 63 வயதாக வேண்டியிருந்தது.

அக்டோபர் 29

சொல்லிவிட்டேன். கார்கில் வேண்டியிருந்தது, இலங்கை வேண்டாதது என்று. ஏன் என்பதையும் சொன்னேன், மருத்துவமனையையும் சொன்னேன். பேரன் வெகு நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "வேண்டாததற்கு என்னை அனுப்பினால் நான் என்ன செய்வது தாத்தா?" என்று கேட்டான். போகத்தான் வேண்டும் என்றேன். போனால் அங்கே உன் முகத்தைப் பார்த்து யார் எதைச் சொன்னாலும் அதைச் சொன்னபடியே அதிகாரியிடம் சொல் என்றேன். அப்போது அந்தத் தாயைப் பற்றியும் சொல்ல வேண்டியதாகிவிட்டது.

மகள் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். என்னிடம் இன்னும் பேசவில்லை.

அக்டோபர் 30

இரண்டாம் பூச்சு காய்ந்துவிட்டது. பேரனின் பெயரை நானே எழுதினேன். கை நடுங்கியதால் ஓர் எழுத்து சற்றுக் கீழே இறங்கிவிட்டது, இருக்கட்டும் என்றான்.

அக்டோபர் 31

இரவு 10.40. பெட்டி வாசலில் இருக்கிறது. அவனும் தூங்கவில்லை, நானும் தூங்கவில்லை. "அந்தப் பையன் என்ன ஆனான்?" என்று இருட்டில் கேட்டான். லாரியில் ஏற்றியதுவரைதான் தெரியும் என்றேன். அதற்கு மேல் கேட்கவில்லை. மூன்று மணிக்குக் கிளம்பினால்தான் பெங்களூரு வண்டியைப் பிடிக்க முடியும், மகள் கட்டுச்சோற்றுக்குப் புளி ஊறவைத்துக்கொண்டிருக்கிறாள்.