வெள்ளரிக்காய்க்கு வந்த தடை

ஜப்பானில், ஜூலை மாசத்துக் கியோட்டோ வெயிலைப் பற்றி நான் புதிதாகப் புலம்ப ஒன்றுமில்லை. அந்த வெயிலில்தான் அத்தையை யசகா கோயிலுக்குக் கூட்டிப்போகும் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டு, "மீட்டிங்" என்று இவர் நழுவிவிட்டார்.

ஷிஜோ தெரு முடிகிற இடத்தில் செக்கச்செவேலென்று வாசல். படியேறும்போதே அத்தை, "டிக்கெட் எவ்வளவு?" என்றார். டிக்கெட் கிடையாது, ராத்திரியும் திறந்திருக்கும் என்றதும் சாமி மேல் தனி மரியாதை வந்துவிட்டது. நடு மண்டபத்தைச் சுற்றி வரிசையாகக் காகித விளக்குகள், ஒவ்வொன்றிலும் கொடுத்தவர் பெயர். நம்மூர் ட்யூப்லைட் உபயம்தான், அச்சு அசல். அழகுக்கென்றே ஒரு சன்னதி உண்டு. அங்கே வரும் தண்ணீரை ரெண்டு மூணு சொட்டு தடவிக்கொண்டால் சருமமும் மனசும் அழகாகுமாம். அத்தை முகமே கழுவினார். மிச்சத்தை என் மேல் தெளித்தார். எதற்கென்று நான் கேட்கவில்லை.

அப்புறம் நிழலில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தார். வட்ட வட்டமாக நறுக்கிய வெள்ளரிக்காய், மேலே உப்பும் மிளகாய்ப்பொடியும். பக்கத்தில் விசிறியோடு உள்ளூர்ப் பாட்டி ஒருவர். அத்தை சும்மா இருப்பாரா? நீட்டினார். பாட்டி பதறிப்போய் இரண்டு கையையும் ஆட்டினார்.

விஷயம் இதுதான். 869-இல் கொள்ளைநோய் தணிய வேண்டித் தொடங்கிய இந்தக் கோயிலின் கியோன் திருவிழா இப்போது ஜூலை முழுக்க நடக்கிறது. வெள்ளரியைக் குறுக்கே வெட்டினால் கோயில் முத்திரை மாதிரியே தெரியும். அதனால் இந்தக் கோயிலைச் சேர்ந்தவர்கள் அந்த மாதம் அதைத் தொடமாட்டார்கள். பாட்டி விளக்கிலிருந்த முத்திரையைக் காட்டினார், டப்பாவைக் காட்டினார். அட, ஆமாம்!

"நீளவாக்கில் நறுக்கினா?" அத்தை கேட்கச் சொன்னார். என் அரைகுறை ஜப்பானியத்தில் கேட்டேன். பாட்டி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். வெள்ளரியைத் தொடக்கூடாதென்பது தன் மாமியார் சொன்னதாம், கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மீறியதே இல்லையாம்.

இதை நான் மொழிபெயர்த்திருக்கவே வேண்டாம். "கேட்டியாம்மா, மாமியார் சொன்னதை இந்த வயசிலயும்..." என்று ஆரம்பித்தவர் ரயிலில் இறங்கும்வரை ஓயவில்லை.

இப்போது எங்கள் வீட்டிலும் தடை. ஃபிரிட்ஜில் ஒரு கூடை வெள்ளரி, ஆகஸ்ட் பிறக்கும்வரை நான் கைவைக்கக் கூடாது. இவர் மட்டும் ராத்திரியில் எடுத்துக் கடிக்கிறார். வெட்டாமல் முழுசாகக் கடித்தால் முத்திரை தெரியாதாம், அத்தையே சொல்லிவிட்டார்.