வௌவாலின் நீண்ட விரல்கள்

வௌவாலின் இறக்கையை விரித்து வெளிச்சத்தில் பார்த்தால், மெல்லிய தோலுக்குள்ளே நம் கையில் இருக்கும் அதே எலும்புகள்தாம் தெரியும். கட்டைவிரல் மட்டும் நகத்துடன் குட்டையாக நிற்க, மற்ற நான்கும் குடைக்கம்பிகளைப் போல நீண்டிருக்கும். இந்த நீட்சியில் பெரும்பங்கு, பழைய மரபணுக்கள் எங்கே, எவ்வளவு வெளிப்படுகின்றன என்பது மாறியதற்கே உரியது.

இதைச் சோதித்த ஆய்வுகளில், 2008இல் வெளியான ஒன்று என்னை மிகவும் கவர்ந்தது. சுண்டெலியில் கால் எலும்புகளின் வளர்ச்சிக்கு உதவும் பிஆர்எக்ஸ்1 மரபணுவை முடுக்கும் டிஎன்ஏ துண்டை நீக்கி, அந்த இடத்தில் வௌவாலின் துண்டைப் பொருத்தினார்கள்; பிறக்கும் தறுவாயில் எலிக்கருக்களின் முன்னங்கால்கள் சுமார் 6 சதவீதம் நீண்டிருந்தன. இறக்கை முளைக்கவில்லையே என்று கேட்பவர்கள் அடுத்த முடிவைக் கவனிக்க வேண்டும்: எலியின் துண்டை வெறுமனே நீக்கியபோது காலின் நீளம் குறையவே இல்லை, ஏனெனில் அதன் வேலையைச் செய்ய வேறு துண்டுகளும் இருக்கின்றன. இத்தகைய உபரி இருப்பதால்தான், உயிருக்குக் கேடின்றி ஒரு துண்டு மாறிப் பார்க்க முடிகிறது.

விரலிடைச் சவ்வின் கதை வேறு. பெரும்பாலான பாலூட்டிகளின் கருவில் பிஎம்பி புரதங்களின் சமிக்ஞையால் விரல்களுக்கு இடையிலுள்ள செல்கள் மடிகின்றன. வௌவாலின் முன்னங்காலில் கிரெம்லின் என்ற புரதம் அதைத் தடுக்க, எஃப்ஜிஎஃப்8 என்ற வளர்ச்சிப் புரதம் துணைநிற்கிறது. அதே கருவின் பின்னங்காலிலோ சவ்வு வழக்கம்போல் கரைந்துவிடுகிறது.