கும்பப்பூ அறுத்த மறுநாள் எந்தத் தேதி?

கன்னியாகுமரி மாவட்டத்தின் தேரூர், சுசீந்திரம், மணக்குடி ஆகிய இடங்களில் 2008 முதல் 2019 வரை நான் எழுதிவைத்த பறவைக் குறிப்புகள் ஏழு நோட்டுகளில் அடைந்து கிடந்தன. சுசீந்திரம் தேரூர் ஈரநிலம் 2022-இல் ராம்சர் எனப்படும் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தபோது, எனக்குத் தெரிந்தவர்கள் சிலர், முன்பு அங்கே எந்தப் பறவைகள் எத்தனை வந்தன என்று என்னைக் கேட்டார்கள். விடை என் அலமாரியில் இருந்தும் ஒருவருக்கும் எடுத்துக் கொடுக்க முடியாத நிலை உறுத்தியது. ஆகவே அவற்றை ஜிபிஃப் எனப்படும் உலகப் பல்லுயிர்த் தகவல் தளத்தில் சேர்ப்பதென்று முடிவு செய்தேன். ஒரு மாத வேலை என்று நினைத்தது பதினான்கு மாதம் இழுத்தது.

அந்தத் தளம் தனிநபரின் தொகுப்பை நேரடியாக ஏற்பதில்லை. பதிவு பெற்ற நிறுவனம் ஒன்றின் வழியாகவே அனுப்ப வேண்டும். அத்தகைய நிறுவனமொன்றில் பணிபுரியும் நண்பர் உதவ முன்வந்து, டார்வின் கோர் என்ற தர வடிவத்தின் தலைப்புகளை அனுப்பிவைத்தார். தளம் கட்டாயமாகக் கேட்பவை நான்குதான்: ஒவ்வொரு பதிவுக்கும் தனி அடையாள எண், நேரில் கண்டதா அருங்காட்சியக மாதிரியா என்ற விவரம், அறிவியல் பெயர், தேதி. நான்குதானே என்று அலட்சியமாக இருந்துவிட்டேன்.

தேதியே முதலில் காலை வாரியது. "கும்பப்பூ அறுத்த மறுநாள், மறுகால் பக்கம், நீலச்சிறகி 300" என்று 2011-ஆம் ஆண்டு நோட்டில் ஒரு வரி இருந்தது. கும்பப்பூ எங்கள் பக்கத்து நெற்போகம், மறுகால் குளத்தின் உபரிநீர் வழியும் இடம், நீலச்சிறகி குளிர்காலத்தில் வலசை வரும் வாத்து. எழுதியபோது எனக்கு அது துல்லியமான தேதி. ஏலா, அதாவது வயல்வெளி, முழுவதும் ஒரே நாளில் அறுவடையாவதில்லை என்பது இப்போதுதான் உறைத்தது. நல்லவேளையாக, நாள் தெரியாவிட்டால் 2011-02/2011-03 என்று கால இடைவெளியாகக் கொடுக்க அந்த வடிவம் இடமளிக்கிறது. "ஒக்கி அடித்த மூன்றாம் நாள்" என்ற வரிக்கு அந்தச் சிக்கல் இல்லை; அந்தப் புயல் வந்த 2017 நவம்பர் 30-ஐ இம்மாவட்டத்தில் யாரும் மறக்கவில்லை.

ஒழுங்காக எழுதியிருந்த தேதிகளையும் எக்செல் கெடுத்தது. மடிக்கணினி அமெரிக்க முறைத் தேதிக்கு அமைந்திருந்ததால், 5/1/2013 என்று நான் தட்டிய ஜனவரி 5-ஐ அது மே 1 ஆக எடுத்துக்கொண்டது. கோடையில் தேரூரில் நானூறு நீலச்சிறகிகளா என்று திகைத்த பிறகே கவனித்தேன்: நாள் எண் 12-ஐத் தாண்டியவை வெறும் எழுத்தாகக் கட்டத்தின் இடப்பக்கம் ஒதுங்கியிருந்தன, மற்றவை தேதியாக மாறி வலப்பக்கம் நின்றன. ஆண்டு, மாதம், நாள் என மூன்று தனித்தனிப் பத்திகள் அமைத்து, நோட்டைப் பார்த்து முழுவதையும் மறுபடி தட்டினேன். குறுக்கு வழி எதுவும் எனக்குத் தென்படவில்லை.

இடம் அடுத்த தலைவலி. ஒரு நோட்டில் தேரூர்க் குளத்துக்கு 8 டிகிரி 11 நிமிடம், 77 டிகிரி 27 நிமிடம் என்று குறித்திருந்தேன். அதை 8.11, 77.27 என்று புள்ளி வைத்து ஏற்றியதும், என் கூழைக்கடாக்கள் குளச்சலுக்குத் தெற்கே நடுக்கடலில் போய் அமர்ந்தன. பதினொரு நிமிடத்தை அறுபதால் வகுத்தால் 0.183, ஆகவே 8.183 என்றே எழுத வேண்டும். அதுவும் போதவில்லை. ஒரு நிமிடம் என்பது ஏறக்குறைய 1.85 கிலோமீட்டர் என்பதால், முழு நிமிடமாகச் சுருக்கிய அளவீடு குளத்தைத் தாண்டி ஊருக்குள்ளும் விழலாம். இறுதியில் வரைபடத்தில் குளத்தின் நடுப்புள்ளியை எடுத்து, அங்கிருந்து கடைசிக் கரை வரையுள்ள தூரத்தை மீட்டரில் அளந்து, இடத்தின் ஐயப்பாட்டு அளவுக்கென்று உள்ள கட்டத்தில் இட்டேன். இந்த ஒரு கட்டத்தைப் பலரும் காலியாக விடுகிறார்கள். என்னைக் கேட்டால் அது இல்லாத ஆயத்தொலைவை நம்பவே கூடாது.

பெயர்களில் பெரும்பாலானவை எளிதில் முடிந்தன. நீலச்சிறகி பழைய நூல்களில் அனாஸ் பேரினத்தில் இருந்தது, இப்போது ஸ்பாட்டுலாவில் இருக்கிறது. அவ்வகை மாற்றங்களைத் தளத்தின் பெயர்ப் பட்டியலே சரிபார்த்துக் கொடுத்தது. வெறுமனே "கொக்கு" என்று எழுதிய வரிகளை மட்டும் எந்த இனத்திலும் அடைக்க மனம் வராமல், ஆர்டெய்டே என்ற குடும்பப் பெயரோடு நிறுத்திக்கொண்டேன். கீரிப்பாறைப் பக்கம் கண்ட இருவாட்சிக் கூட்டைத் தேடிப்போய் யாரும் தொல்லை தராதிருக்க, அதன் இடத்தை ஒரு தசம இலக்கத்துக்குச் சுருக்கி, அவ்வாறு சுருக்கியதையும் குறிப்பிட்டேன். உரிமத்துக்கு சிசி பை எடுத்தேன். யாரும் பயன்படுத்தலாம், ஆனால் எடுத்த இடத்தைச் சொல்ல வேண்டும்.

அனுப்பும் நேரத்தில் நண்பர் ஒரு கேள்வி எழுப்பினார்: நாற்பத்தொரு வரிகளில் எண்ணிக்கைக்குப் பதிலாக "ஏராளம்" என்று இருக்கிறதே, ஏராளம் என்றால் எத்தனை? இருநூறா, ஆயிரமா என்று எனக்கே நினைவில்லை. எண்ணிக்கைக் கட்டத்தைக் காலியாக விட்டு, குறிப்புக் கட்டத்தில் அந்தச் சொல்லைத் தமிழிலேயே இட்டோம். தொகுப்பு இப்போது தளத்தில் இருக்கிறது, அந்த நாற்பத்தொரு "ஏராளம்" உட்பட.