பதினாலாவது வரி

மார்ச் 3, செவ்வாய்

தடுப்பூசிப் பதிவேட்டில் பதினாலாவது வரி இன்றும் காலி.

மார்ச் 4, புதன்

ஐசியுவில் இருந்தவரை, டியூட்டி முடிந்து வெளியே வரும்போது அன்றைக்கு என்ன செய்தேன் என்று கையோடு சொல்ல முடியும். சரிந்த பிபி ஏறியது. குழாயை எடுத்த பிறகு அவரே மூச்சு விட்டார், அல்லது விடவில்லை. இந்தக் கிளினிக்குக்கு நர்ஸாக வந்து ஆறு வாரம் ஆகிறது, ஒருநாள்கூட அப்படிச் சொல்ல வரவில்லை. இன்று காலை பாதி நேரம், இரும்புச்சத்து மாத்திரை போட்டால் மலம் ஏன் கறுப்பாகப் போகிறது என்று ஒரு கர்ப்பிணிக்கு விளக்குவதில் போனது. அதைப் பார்த்துப் பயந்து பத்து நாளாக மாத்திரையை நிறுத்தி வைத்திருந்தாராம். எழுதிக் கொடுத்தவர், எண்ணிக் கொடுத்த நான், ஒருவரும் முன்கூட்டியே சொல்லவில்லை. ஒரே ஒரு வாக்கியம். பத்து நாள்.

மார்ச் 6, வெள்ளி

நாற்பது நாற்பத்தைந்து வயதிருக்கும், படியேறி வந்த வேகத்தில் கையை நீட்டினார், கால் மேல் கால், காதில் போன். பிபி மேல் எண் 166. நான் அதை எழுதவில்லை. போனை வைக்கச் சொல்லி, கழிவறைக்குப் போய்விட்டு வரச் சொல்லி, முதுகைச் சாய்த்து, இரண்டு பாதமும் தரையில் படும்படி ஐந்து நிமிடம் பேசாமல் உட்காரவைத்து, சட்டைக் கையை ஏற்றிவிட்டு, கையை நெஞ்சு உயரத்தில் வைத்துப் பார்த்தால் 148/92. இதுவும் நல்ல எண் இல்லை. ஆனால் ஒரு நாள் அளவை வைத்து யாரையும் பிபி நோயாளி ஆக்கிவிட முடியாது, அதனால் திரும்ப வரச் சொன்னேன். "நல்லாத்தானே இருக்கேன் சிஸ்டர்" என்றார். பிபியின் தொல்லையே அதுதான், நன்றாக இருக்கவிட்டு உள்ளே வேலை பார்க்கும்.

சிகரெட்டை நான்கு தடவை விட்டுப் பார்த்தாராம். நுரையீரல் படத்தை எடுத்துக் காட்டப் போனவள் ஏனோ காட்டாமல், கடைசித் தடவை எத்தனை நாள் தாக்குப்பிடித்தீர்கள் என்று கேட்டேன். 23 நாள். "23 நாள் முடிஞ்சுதா!" என்றேன். முதல் தடவையாகச் சிரித்தார். அதற்கப்புறம்தான் கேள்வியெல்லாம் அவரிடமிருந்து வந்தது. விட்டு இருபது நிமிடத்திலேயே இதயத் துடிப்பு தணியத் தொடங்கும் என்றதை அவர் நம்பவில்லை. ஒரு வருடம் தாண்டினால், சிகரெட்டால் கூடியிருந்த மாரடைப்பு அபாயம் ஏறக்குறைய பாதியாகிவிடும் என்றதும் போனில் குறித்துக்கொண்டார்.

இவரிடம் இப்படிப் பேச வந்ததே, அன்று அந்தப் பெண்ணிடம் ஏன் வரவில்லை.

மார்ச் 9, திங்கள்

சரி, எழுதிவிடுகிறேன்.

வரிசையில் பத்துப் பேர். பதினாலாவது வரிக் குழந்தைக்குத் தட்டம்மை ஊசியின் முதல் தவணை. ஏற்கெனவே மூன்று வாரம் தள்ளிப் போயிருந்தது. "லேசா சளி இருக்கு, அடுத்த வாரம் கொண்டு வரட்டுமா?" என்று கேட்டாள் அதன் அம்மா. சாதாரணச் சளிக்கும் லேசான காய்ச்சலுக்கும் ஊசியைத் தள்ளிப்போட வேண்டியதில்லை, அதைச் சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். நான் சொன்னது வேறு. "போன தவணைக்கும் இதே கதைதானே? படிச்சவங்கதானே நீங்க?" எல்லோருக்கும் கேட்கும்படி. அவள் எதுவும் சொல்லவில்லை, குழந்தையின் தொப்பியைச் சரிசெய்தாள். போய்விட்டாள்.

தட்டம்மை வந்தவர் ஒரு அறையைவிட்டுப் போன பிறகும் இரண்டு மணி நேரம் வரை அந்தக் காற்றில் கிருமி இருக்கும். எதிர்ப்பு இல்லாத பத்துப் பேர் கூட இருந்தால் ஒன்பது பேருக்கு ஒட்டிக்கொள்ளும். தடிப்பு வெளியே தெரிவதற்கு நான்கு நாள் முன்பிருந்தே பரவும், அதனால் இன்னாரிடமிருந்து ஒதுங்கு என்று யாருக்கும் சொல்லவும் வழியில்லை. ஒரு சமூகத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் இரண்டு தவணையும் போட்டிருந்தால்தான் அது நுழைய இடம் கிடைக்காது. இதெல்லாம் எனக்கு மனப்பாடம். அன்று வாயில் வந்தது என்னவோ "படிச்சவங்கதானே".

மார்ச் 10, செவ்வாய்

அவளுக்குப் போன் செய்தேன். மணி போகிறது. எடுக்கவில்லை. மூன்று தடவை.

மார்ச் 12, வியாழன்

தலைவலி என்று வந்த பதினைந்து வயதுப் பெண்ணுக்குப் பதிலாக அவள் அம்மாவே எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். இந்த வயதில் எல்லோரிடமும் ஐந்து நிமிடம் தனியாகப் பேசுவது வழக்கம் என்று சொல்லி அவரை வெளியே உட்காரவைத்தேன். நீ சொல்வது உனக்கும் எனக்கும்தான், உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் வேறு ஒருவரிடம் சொல்வேன், அதையும் உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் செய்வேன் என்றேன். இரண்டு நிமிடம் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் தலைவலியைத் தவிர மற்ற எல்லாம் பேசினாள். இங்கே எழுதப் போவதில்லை.

இரவு தூக்கம் வராமல் பள்ளி நர்ஸ் லினா ராஜர்ஸ் பற்றிப் படித்தேன். 1902, நியூயார்க். அதற்கு முன்பு பள்ளிக்கு மருத்துவர் வருவார், கண்ணோயோ பேனோ படையோ இருக்கிற பிள்ளையை வீட்டுக்கு அனுப்புவார், அவ்வளவுதான். வீட்டில் மருந்து போட ஆள் இல்லை, பிள்ளை தெருவில் அதே கூட்டாளிகளோடு விளையாடும். ராஜர்ஸ் பள்ளியிலேயே மருந்து போட்டு, வராத பிள்ளைகளின் வீட்டுப் படியேறி, தாய்மாரோடு உட்கார்ந்து பேசினார். ஒரே வருடத்தில், நோயைக் காட்டித் திருப்பி அனுப்பப்பட்ட பிள்ளைகளின் எண்ணிக்கை மளமளவென்று இறங்கியது.

வீட்டுப் படியேறி. எனக்கு மட்டும் விலாசம் தெரியாதா என்ன.

மார்ச் 13, வெள்ளி

பூட்டு. அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்றார் எதிர்வீட்டுக்காரர். என்ன விஷயம் என்று கேட்டார், சொல்லவில்லை, சொல்லக்கூடாது. கதவுக்கு அடியில் ஒரு சீட்டு விட்டேன். மூன்று தடவை கிழித்து எழுதினேன். முதலில் "உடனடியாக" என்று இருந்தது, அப்புறம் "அவசியம்". கடைசியில்: சளி இருந்தாலும் பரவாயில்லை, எந்த நாளானாலும் வாருங்கள்.

மன்னிப்பு என்ற சொல்லை எழுதத் தோன்றியது. எழுதவில்லை. கோழைத்தனமா, தொழில் ஒழுக்கமா, தெரியவில்லை.

மார்ச் 16, திங்கள்

எண்பத்தொரு வயது ஐயா, போன மாதம் விழுந்தவர். எலும்பு தப்பித்தது, தைரியம்தான் தப்பவில்லை. அதிலிருந்து நடப்பதையே விட்டுவிட்டார், நடக்காததால் கால் இன்னும் தளர்கிறது, தளர்ந்ததால் இன்னும் பயம். படுக்கவைத்து பிபி பார்த்தேன், நிற்கவைத்துப் பார்த்தேன், மேல் எண் 24 இறங்கியது. நின்ற மூன்று நிமிடத்துக்குள் இருபது இறங்கினாலே கவனிக்க வேண்டும், மாத்திரைச் சீட்டை எடுத்துக்கொண்டேன், மருத்துவர் பார்க்கட்டும். ராத்திரி எழுந்து போகவேண்டுமே என்று மாலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதில்லையாம். அதுவும் தலைசுற்றலுக்கு ஒரு காரணம். குளியலறை வாசலில் மடிந்து கிடந்த மிதியடியை எடுக்கச் சொன்னேன். கட்டில் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்து, பாதத்தை மேலும் கீழும் அசைத்துவிட்டு எழுந்திருக்கச் சொன்னேன்.

"புரிஞ்சுதா?" என்று கேட்டால் எல்லோரும் புரிந்தது என்றுதான் சொல்வார்கள். அதனால் ராத்திரி எழுந்திருப்பது போல ஒரு தடவை செய்து காட்டச் சொன்னேன். செய்துகாட்டினார், கொஞ்சம் நாடகத்தனமாகவே. "இதைச் சொல்லவா சிஸ்டர் இவ்வளவு தூரம் வந்தீங்க?"

ஆமாம் ஐயா.

மார்ச் 17, செவ்வாய்

அம்மாவுக்குப் போன் செய்து மிதியடி, விளக்கு எல்லாம் சொன்னேன். "உன் பிபியைக் கடைசியா எப்பப் பார்த்தே?" என்றாள். லைன் சரியில்லை என்றேன்.

மார்ச் 19, வியாழன்

தடுப்பூசி நாள். தட்டம்மைக் குப்பி ஒன்றில் பத்து டோஸ். கலந்துவிட்டால் ஆறு மணி நேரம்தான், அப்புறம் மிச்சத்தைக் கழித்துவிட வேண்டும். 10.20-க்குக் கலந்தேன். மூன்று குழந்தைகள் வந்தார்கள். மிச்சம் ஏழு. மூன்று மணிக்கு மேல் வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன். கூட வேலை பார்க்கும் அக்கா கவனித்துவிட்டு ஒன்றும் கேட்காமல் அவர்பாட்டுக்குப் பெட்டியைத் துடைத்தார்.

4.20. கழித்தாகிவிட்டது.

மார்ச் 20, வெள்ளி

காய்ச்சல். எனக்குத்தான்.

மார்ச் 23, திங்கள்

பதினாலாவது வரியில் டிக். சனிக்கிழமை தேதி, அக்காவின் கையெழுத்து. கிளினிக் மூடும் நேரத்துக்கு வந்தாளாம், குழந்தைக்கு அப்போதும் மூக்கு ஒழுகிக்கொண்டுதான் இருந்ததாம். அந்த ஒரு குழந்தைக்காகப் புதுக் குப்பியைத் திறந்திருக்கிறார். ஒன்பது டோஸ் வீணா என்று கணக்குப் பார்க்கிறவர்கள் பார்க்கட்டும், வந்த குழந்தையைத் திருப்பி அனுப்பமாட்டேன் என்றார்.

"ஏன் லேட்டுன்னு கேட்டீங்களா அக்கா?"

"இல்லையே. கூட்டிட்டு வந்ததுக்கு நன்றி சொன்னேன்."

என்னைப் பற்றி ஏதாவது கேட்டாளா என்று கேட்க வாய்வரை வந்தது. அதற்குள் வெளியே யாரோ கூப்பிட அவர் எழுந்து போய்விட்டார். இரண்டாம் தவணைக்கு என்ன தேதி எழுதிக்கொடுத்தார் என்றும் கேட்கவில்லை, நாளைக்குக் கேட்கவேண்டும்.