மரபணு மாற்றச் சோயாப் புண்ணாக்கு: துறைமுகத்திலிருந்து தீவன மூட்டை வரை

2021 ஆகஸ்டில் சோயாப் புண்ணாக்கு கிலோ 90 ரூபாயைத் தாண்டி விற்றபோது, நாமக்கல் வட்டாரத் தீவன ஆலைகளுக்கு இறக்குமதியை விட்டால் வேறு வழி இருக்கவில்லை. அம்மாதம் 24ஆம் தேதி, மரபணு மாற்றப்பட்ட சோயாவை அரைத்து எண்ணெய் நீக்கிய புண்ணாக்கில் 12 லட்சம் டன் வரை மும்பை அருகிலுள்ள நவசேவா துறைமுகம், வங்கதேச எல்லையிலுள்ள பெட்ராபோல் சாவடி ஆகியவற்றின் வழியே கொண்டுவர ஒன்றிய அரசு அனுமதித்தது. ஓர் ஆலையின் கொள்முதல் பொறுப்பில் இருந்ததால் அந்த வேலை என்னிடம் வந்து சேர்ந்தது.

அனுமதி முழுவதும் ஒரே நிபந்தனையின் மீது நின்றது: சரக்கில் உயிருள்ள, முளைக்கக்கூடிய எதுவும் இருக்கக் கூடாது. புண்ணாக்கில் உயிருள்ள மரபணு மாற்ற உயிரி இல்லை என்பதனாலேயே சுற்றுச்சூழல் அமைச்சகம் ஆட்சேபம் தெரிவிக்கவில்லை. ஆகவே, விற்பவரின் சான்றிதழில் 'அரைத்தது, எண்ணெய் நீக்கியது, உயிரற்றது' என்னும் மூன்றும் தெளிவாக இருக்கின்றனவா என்பதைத்தான் சுங்க வேலைகளை முடித்துத் தரும் எங்கள் கிளியரிங் ஏஜென்ட் முதலில் பார்த்தார்.

சரக்கு வந்ததும், சோயாவுக்குப் போதிய சூடு பட்டிருக்கிறதா என்று காட்டும் யூரியேஸ் (பச்சைச் சோயாவில் உள்ள ஒரு நொதி) சோதனையை ஆய்வகத்தில் செய்தோம். மாதிரியின் மீது யூரியாவும் பீனால் ரெட் என்ற நிறங்காட்டியும் கலந்த கரைசலை ஊற்றிச் சில நிமிடங்கள் விட்டால், போதிய சூடு படாத துகள்கள் சிவப்புப் புள்ளிகளாகத் தெரியும். எங்கள் தட்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாகவே புள்ளிகள் தெரிந்தன. கோழிக்குச் செரிக்கும் பக்குவத்தில் இருக்கிறது என்று இறக்கிக்கொண்டோம்.

மூட்டைச் சீட்டில் என்ன எழுதுவது என்பதில்தான் இழுபறி. மரபணு மாற்ற உணவுப் பொதிகளின் முகப்பில் 'ஜி.எம்.' என்று அச்சிட வேண்டும் என்ற விதி 2013 முதல் இருந்தாலும், அது உணவுக்கானது. ஐரோப்பிய ஒன்றியத்திலோ ஒவ்வொரு மூலப்பொருளிலும் மரபணு மாற்றப் பங்கு 0.9 விழுக்காட்டைத் தாண்டினால் தீவனத்திலும் குறிப்பிட்டாக வேண்டும். (மரபணு மாற்றப்பட்ட பி.டி. பருத்தி 2002இல் வந்ததிலிருந்து அதன் புண்ணாக்கை நம் மாடுகள் தின்றுகொண்டுதான் இருக்கின்றன. எந்தச் சாக்கிலும் அதைப் பற்றி ஒரு வரி நான் பார்த்ததில்லை.) விற்பனைப் பிரிவினர் தயங்கியும், 'மரபணு மாற்றப்பட்ட சோயாவிலிருந்து பெற்ற புண்ணாக்கு சேர்ந்தது' என்று அச்சிடச் சொன்னேன். அதைப் படித்த பண்ணைக்காரர் ஒருவர், "அது கிடக்கட்டுங்க, புரோட்டீன் எவ்வளவு நிக்குது?" என்றுதான் கேட்டார்.

இயற்கை முறைச் சான்று பெற்ற வாடிக்கையாளர் ஒருவருக்கு மட்டும் அது பெரிய விஷயமாக இருந்தது. அச்சான்றின் விதிகள் மரபணு மாற்றத் தீவனத்தை ஏற்பதில்லை. எங்களிடம் இருந்ததோ ஒரே மிக்சர். மக்காச்சோளக் குருணையை ஓட்டி மிக்சரைச் சுத்தம் செய்து, அவருக்கான தீவனத்தை மரபணு மாற்றப்படாத உள்நாட்டுச் சோயாவில் தயாரித்து, மரபணு மாற்றத்தைக் கண்டறியும் பி.சி.ஆர். சோதனைக்கு மாதிரி அனுப்பினோம். மரபணு மாற்றம் தென்படவில்லை என்று முடிவு வந்த பிறகும், ஆலைக்கே பொதுவாக அப்படி உறுதிமொழி தர நான் சம்மதிக்கவில்லை. சோதித்த தொகுப்பின் எண்ணைக் குறிப்பிட்டு, அந்த மூட்டைகளுக்கு மட்டுமே கடிதம் கொடுத்தோம்.