சோளகத்தில் கரவன் இழுத்தல்: வன்னி வீதி நாட்குறிப்பு

ஓகஸ்ட் 4, கிளிநொச்சி

மடு மாதாவின் ஆவணித் திருவிழாவுக்கு இம்முறை கூடாரம் அடிக்காமல் கரவனில், அதாவது வாகனத்தின் பின்னால் கொளுவி இழுக்கும் சில்லு வைத்த சிறு வீட்டில், போய்த் தங்குவது என்று வீட்டில் முடிவாகிவிட்டது. மாமா கொழும்பில் ஒருவரிடம் வாங்கிய பழைய கரவன். நாலு மீற்றர் நீளம், ஒற்றை அச்சு, இரண்டு சில்லு. எங்கள் டபிள் கப் பிக்கப் வாகனத்தில் கொளுவி நான்தான் இழுக்கப் போகிறேன். மாமா இங்கிலாந்தில் நீண்டகாலம் கரவன் இழுத்துத் திரிந்தவர், பக்கத்தில் இருப்பார். இது சோளகம், தென்மேற்குக் காற்று, பலமாக வீசும் காலம்.

இங்கே கரவன் இழுக்கிறவர்கள் அரிது. ஆனால் உழவு இயந்திரப் பெட்டியில் ஆள் உயரத்துக்கு மேல் வைக்கல் ஏற்றி இழுத்தவர்கள் ஊர் முழுக்க இருக்கிறார்கள். உயர்ந்த பாரத்தைக் காற்று என்ன செய்யும் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். அவர்கள் போவது மெதுவாக. நாங்கள் ஏ9 வீதியில் பஸ்களோடும் லொறிகளோடும் போகவேண்டும். இப்போது உணவு வண்டி, படகு, ஒலிபெருக்கிப் பெட்டி என்று பலதையும் வாகனத்தின் பின்னால் கொளுவி இழுக்கிறார்கள். அவர்களுக்கும் உதவும் என்றுதான் இதை எழுதத் தொடங்குகிறேன்.

ஓகஸ்ட் 7

இன்று முழுக்க நிறை பார்த்தோம். வெறும் பாரத்தின் அளவைவிட, பாரம் எங்கே இருக்கிறது என்பதுதான் காற்றில் பெரிதாகப் பேசும்.

இங்கிலாந்தில் புதிதாக இழுப்பவர்களுக்குச் சொல்லும் அளவு ஒன்று உண்டு: சாமான் ஏற்றிய கரவனின் நிறை, இழுக்கும் வாகனத்தின் வெற்று நிறையில் 85 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. எங்கள் கரவன் சாமானோடு ஏறத்தாழ 1200 கிலோ, டபிள் கப் 1900 கிலோ. அந்தக் கணக்கில் கவலை இல்லை.

அடுத்தது மூக்கு நிறை, அதாவது கொளுவும் இடத்தில் கரவன் கீழே அழுத்தும் நிறை. அது மொத்த நிறையில் 5 முதல் 7 சதவீதம் இருக்கவேண்டும். எங்களுக்கு 60 முதல் 84 கிலோ. கொளுவியின் கீழே ஒரு மரக்கட்டையை நிறுத்தி, கட்டையைக் குளியலறைத் தராசின் மேல் வைத்தால் தெரிந்துவிடும். வாகனத்தின் கொளுவி எவ்வளவு தாங்கும் என்ற எல்லையையும் பார்க்கவேண்டும், இரண்டில் குறைந்ததுதான் கணக்கு.

பெரியம்மா சமைக்கும் பெரிய கிடாரத்தையும் அரிசி மூட்டைகளையும் பின்பக்கம் அடுக்கச் சொன்னார், இறக்கச் சுகம் என்று. அப்படி அடுக்கித் தராசைப் பார்த்தால் 35 கிலோதான் காட்டியது. பின்பாரம் கூடினால் மூக்கு தூக்கும், வால் ஆடத் தொடங்கும். அரிசியை அச்சுக்கு நேர் மேலே, தரையோடு வைத்தோம். கிடாரத்தை அச்சுக்குச் சற்று முன்னால் வைத்துக் கட்டினோம். மேல் தட்டுகளில் பாயும் தலையணையும் மட்டும். தண்ணீர்த் தாங்கியை வெறுமையாக்கினேன். பாதித் தண்ணீர் உள்ளே அலம்பிக்கொண்டிருந்தால் ஆட்டத்தைக் கூட்டும். பிறகு தராசு 75 காட்டியது. பெரியம்மாவுக்கும் சந்தோசம், கிடாரம் உருளாது என்று.

ஓகஸ்ட் 8

மாமா கொண்டுவந்த ஆட்டம் தணிக்கும் கொளுவியைப் பூட்டக் கொடுத்த இடத்தில், கொளுவும் பந்துக்கு நிறையக் கிறீஸ் பூசித் தந்துவிட்டார்கள். உழவு இயந்திரப் பெட்டிக்கு அது சரியான வேலை. இந்தக் கொளுவிக்கோ உள்ளே உராயும் கட்டைகள் இருக்கின்றன. அவை பந்தை இறுக்கிப் பிடித்துத்தான் கரவனின் ஆட்டத்தை அடக்கும். கிறீஸ் பட்டால் பிடி இல்லை. பந்தை நன்றாகத் துடைத்து, மெல்லிய அரத்தாளால் தேய்த்து, கிறீஸ் ஊறிய கட்டைகளைக் கழற்றி மாமாவிடம் இருந்த புதியவற்றைப் போட்டோம்.

ரயரும் பார்த்தோம். பக்கத்தில் பொறித்திருக்கும் கடைசி நாலு இலக்கம் செய்த கிழமையையும் ஆண்டையும் சொல்லும்: 2319 என்றால் 2019இன் 23ஆவது கிழமை. கரவன் ரயர் ஓடித் தேய்வதற்கு முன்பே நின்று நின்று வெடிக்கும். பழைய இரண்டையும் மாற்றிவிட்டேன். காசு போனாலும் மனம் ஆறுதல்.

ஓகஸ்ட் 11

நாளை புறப்படுகிறோம். காற்று மணிக்கு 50, இடையிடையே 60 கிலோமீற்றர் வரை வீசலாம் என்று வானிலை அறிக்கை.

எங்கள் கரவனின் பக்கச் சுவர் ஏறத்தாழ 8 சதுர மீற்றர். 30 கிலோமீற்றர் காற்று குறுக்கே அடித்தால் அந்தச் சுவரில் 35 கிலோ அளவுக்குத் தள்ளும். 60 ஆனால் 70 இல்லை, கிட்டத்தட்ட 135 கிலோ. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் தள்ளுவது நாலு மடங்கு. ஆகவே “கொஞ்சம் கூடின காற்றுத்தானே” என்ற பேச்சே கூடாது.

இதே சோளகத்தை நம்பித்தான் மன்னார்த் தீவின் தென்கரையில் 30 காற்றாலைகளை நிறுத்தி 103.5 மெகாவாற் மின்சாரம் எடுக்கிறார்கள். வெயில் ஏற ஏறக் காற்றும் ஏறும். விடியப்புறம் தணிந்திருக்கும். இருட்டிலேயே வெளிக்கிடலாம் என்றால் வவுனியா, மன்னார்ப் பக்கம் யானை. எனவே நிலம் வெளிக்கும்போது புறப்பட்டு, பத்து மணிக்கு முன் போய்ச் சேரவேண்டும். முடியாவிட்டால் வழியில் நிற்பது. திருவிழாவுக்கு மூன்று நாள் முன்பே போவதும் அதற்காகத்தான்.

ஓகஸ்ட் 12, மடு

வந்து சேர்ந்துவிட்டோம். ஏ9இல் வவுனியா வரை, பிறகு செட்டிகுளம் பக்கமாக மன்னார் வீதி, மடுச்சந்தியில் வலப்பக்கம்.

இங்கிலாந்தில் சாதாரண வீதியில் கரவனுக்கு மணிக்கு 50 மைல், அதாவது 80 கிலோமீற்றர் விடுகிறார்கள். நான் 50 கிலோமீற்றரைத் தாண்டவில்லை. வேகம் கூடும்போது கரவன் தன் ஆட்டத்தைத் தானே தணிக்கும் குணம் குறைந்துகொண்டே போகும். காற்று நாளில் அதற்குமேல் ஆசைப்பட ஒன்றும் இல்லை.

தெற்கே போகையில் மேற்குக் காற்று வலப்பக்கம் அடித்தது, கரவனை இடப்பக்கக் கிரவல் ஓரத்துக்குத் தள்ளியது. காட்டுக்குள் ஒன்றும் தெரியாது. காடு முடிந்து குளமோ வயலோ திறக்கும் இடத்தில்தான் காற்றின் அறை விழும். கனகராயன்குளத்துக்கு அப்பால் ஒவ்வொரு வெளிக்கும் முன்பே வேகத்தைக் குறைத்தேன். எதிரே வரும் பஸ் இன்னொரு வில்லங்கம்: அது கடக்கும் கணம் காற்றை மறைக்கும், சாய்ந்திருந்த கரவன் நிமிரும்; பஸ் போனதும் காற்று திரும்ப வந்து இடிக்கும்.

ஓமந்தைக்கு முன்னால் இப்படி இரண்டு பஸ் அடுத்தடுத்து வந்தன. வால் இருபக்கமும் ஆடத் தொடங்கியது. “தம்பி, பிறேக்கிலை கால் வைக்காதை. அக்சிலேட்டரை மட்டும் விடு. ஸ்டியரிங்கை நேராப் பிடி” என்றார் மாமா, குரல் உயர்த்தாமல். விட்டேன். ஆட்டம் குறைந்து நின்றது. வாலை எதிர்த்து ஸ்டியரிங்கை வெட்டினால் ஆட்டம் பெருகும். வேகம் கூட்டி இழுத்து நேராக்கலாம் என்று சிலர் சொல்வார்கள்; அதை நம்பவேண்டாம், சறுக்கினால் இன்னும் கூடிய வேகத்தில் சறுக்கும்.

ஓகஸ்ட் 14

மரநிழலில் நிற்கிறோம். கிளை முறியக்கூடிய மரமா என்று பார்த்துத்தான் நிறுத்தினேன். காற்றுக்குப் பயந்து பகலில் கரவனின் முன்பந்தலை விரிக்கவில்லை. பிள்ளைகளுக்குக் கோபம், பரவாயில்லை.

ஓகஸ்ட் 16, முழங்காவில்

சின்னம்மாவைப் பார்க்க ஏ32 வழியாக வந்தோம். மன்னார்ப் பாலத்துக்கு முன்பே வலப்பக்கம் திரும்பி, விடத்தல்தீவு, இலுப்பைக்கடவை, வெள்ளாங்குளம். புறப்படமுன் கூரை ஜன்னல்களைப் பூட்டி, எரிவாயுவை அடைத்து, மூக்கு நிறையைத் திரும்பப் பார்த்தேன். அரிசி குறைந்திருந்ததால் சாமான்களை மாற்றி அடுக்கவேண்டி வந்தது.

இந்த வீதியில்தான் நான் மிகவும் பயந்தேன். வடக்கே போகையில் காற்று இடப்பக்கம். தள்ளினால் எதிரே வருகிறவர்களின் பாதைக்குள் தள்ளும். கடல் பக்கம் மறைப்பும் குறைவு. 40 கிலோமீற்றருக்கு இறக்கி, ஸ்டியரிங்கைச் சற்றே காற்றின் பக்கம் பிடித்து வந்தேன். பின்னால் வாகனம் சேர்ந்தால் அகலமான இடம் பார்த்து ஒதுங்கி விட்டேன். அவசரப்பட்டு ஒருவர் முந்தினால் அவருடைய காற்றும் எங்களை அசைக்கும், ஆகவே வழிவிடுவது எங்கள் பாதுகாப்புக்குத்தான்.

ஒன்பது மணிக்கே சின்னம்மா வீட்டு வளவுக்குள். பூநகரி போய் இன்றே வீடு சேரலாமே என்று தம்பி கேட்டான். வாசலில் பனையோலை எழுப்பும் சத்தத்தைக் கேட்டுவிட்டு மாமா, “நாளைக்குப் போவம்” என்றார். சின்னம்மா ஒடியற்கூழுக்கு அடுப்பு மூட்டிவிட்டார்.

ஓகஸ்ட் 17, கிளிநொச்சி

விடிய வெளிக்கிட்டு, பூநகரியில் பரந்தன் வீதிக்குத் திரும்பினோம். காற்று இப்போது வலப் பின்பக்கம். இழுவை இலகுவாக இருக்கும், அதனாலேயே வேகம் தன்பாட்டில் ஏறும். மானியைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

வீட்டில் நிறுத்துவதிலும் கவனம் வேண்டும். கரவனின் மூக்கைத் தென்மேற்கே திருப்பி, சில்லுகளுக்குக் கட்டை வைத்து, நாலு மூலைக் கால்களையும் பலகை மேல் இறக்கினேன். அரிசி இறங்கிய வெறும் கரவன் பாரம் குறைந்தது. சோளகம் அடங்கும் வரை பக்கச் சுவரைக் காற்றுக்குக் காட்டக்கூடாது.