பன்னித் துப்பாக்கிக்கு ரெட் டாட் மவுண்ட் மாட்டின அனுபவம்

ரெட் டாட்டுங்கிறது துப்பாக்கி மேல வச்சு குறி பாக்குற கருவி, அதத் துப்பாக்கியில பிடிச்சு நிறுத்துற சாமான்தான் மவுண்ட். நான் மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம். 4 ஏக்கர் செம்பனை (எண்ணெய்ப் பனை) சொந்தமா இருக்கு, அப்பா தோட்டத்துல பால்மரம் சீவி சேத்த காசுல வாங்கினது. போன வருஷம் பழைய மரத்தையெல்லாம் சாய்ச்சுட்டு புதுக் கன்னு வச்சோம், வச்ச மூணாவது வாரத்துலேர்ந்து பன்னி வர ஆரம்பிச்சிருச்சு. சின்னக் கன்னா இருந்தா அடியில கடிச்சுப் பொளந்து உள்ள இருக்குற வெள்ளைக் குருத்த மட்டும் தின்னுட்டுப் போயிரும், ஒரே ராத்திரியில 10, 12 கன்னு காலி. குருத்து போச்சுன்னா கன்னு செத்த மாதிரிதான், திரும்ப வாங்கி நடணும்.

என் பேர்ல லைசன்ஸோட 12 போர் சிதறுகுண்டுத் துப்பாக்கி ஒன்னு இருக்கு, மேலுங் கீழுமா ரெண்டு குழல். பெர்ஹிலிட்டான்லயும் (வனவிலங்கு இலாகா) லைசன்ஸ் எடுத்திருக்கேன், ஏன்னா 2010 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல காட்டுப் பன்னிக்கும் லைசன்ஸ் வேணும், பன்னிதானேன்னு நெனச்சு இத எடுக்காம விடுறவங்க இருக்காங்க, தயவுசெஞ்சு எடுத்துருங்க.

எனக்கு 47 வயசாகுது. சாயங்காலம் ஆறரை மணிக்கு மேல குழல் முனையில குறி பாக்குறதுக்கு இருக்குற மணியும் தெளிவா தெரியல, பன்னியும் தெரியல. ஒரு தடவ அப்படித்தான் பின்னந்தொடையில பட்டு ஓடிருச்சு, நானும் மாமாவும் இருட்டுற வரைக்கும் தேடினோம், கிடைக்கல. ரெண்டு நாள் கழிச்சு வாய்க்கா பக்கம் நாத்தம் வந்து போய் பாத்தா அங்க கிடக்குது. அந்த ரெண்டு நாளும் அது என்ன பாடு பட்டிருக்கும்னு நெனச்சா சாப்பாடு எறங்கல. அதுவுமில்லாம அடிபட்ட பன்னி பொதருக்குள்ள படுத்திருந்தா காலையில பழம் வெட்டப் போற ஆளு மேல பாஞ்சிரும். அன்னைக்குத்தான் மாமா சொன்னாரு, "மாப்ள, ஒன்னு கண்ணுக்கு வழி பண்ணு, இல்ல துப்பாக்கிய வையி." அவரு சொன்னது சரி.

மொதல்ல தூரத்துல இருக்குறத பெருசாக் காட்டுற ஸ்கோப்தான் வாங்கலாம்னு இருந்தேன். கிளப்பு ரேஞ்சுல, அதாவது சுட்டுப் பழகுற எடத்துல, ஒரு அண்ணன் ரைஃபிள்ல 3-9x40 ஸ்கோப் (3 மடங்குலேர்ந்து 9 மடங்கு வரைக்கும் பெருசாக் காட்டும்) வச்சிருந்தாரு, பாக்கக் குடுத்தாரு. 100 மீட்டர்ல அட்டை அப்படியே பக்கத்துல வந்து நிக்குது, ஆனா 20 மீட்டர்ல ஒரு பொருளத் தேடுனா 3 மடங்குல வச்சாலும் எங்க பாக்குறோம்னே தெரியல, நம்ம செம்பனைக் காட்டுல பன்னி எப்பவும் 20, 30 மீட்டர்லதான் வெளிய வரும். இன்னொன்னு, ஸ்கோப்புக்கு கண்ண ஒரு குறிப்பிட்ட தூரத்துல வச்சாகணும், 12 போர் ஒதைக்கிற ஒதைக்கு கொஞ்சம் முன்னால சாஞ்சிருந்தா புருவத்துல வெட்டிரும். ரெட் டாட்ல அந்தத் தொல்லை கிடையாது, ரெண்டு கண்ணையும் தொறந்து வச்சே பாக்கலாம், உருப்பெருக்கமே இல்ல, சிவப்புப் புள்ளி மட்டும்தான். சரி ரெட் டாட்டுன்னு முடிவு பண்ணேன்.

வாங்குறதுக்கு முன்னாடி பாலாய்ல (போலீஸ் ஸ்டேஷன்) லைசன்ஸ் கவுண்டருக்குப் போய் இந்த மாதிரி மேல மாட்டப் போறேன், துப்பாக்கியில ஓட்டை எதுவும் போட மாட்டேன்னு சொல்லி கேட்டுக்கிட்டேன். இது வேண்டாத வேலைன்னு சிலர் சொல்வாங்க. 1948 ஜூன் 16-ல மூணு வெள்ளக்காரத் தொரைங்கள சுட்டுக் கொன்னு மலாயாவுல அவசரகாலம் வந்ததே எங்க ஊருப் பக்கத் தோட்டங்கள்லதான், அப்பா அந்தக் கதையெல்லாம் சொல்லி வளத்தவரு, துப்பாக்கி விஷயத்துல ஒளிவு மறைவே கூடாதுன்னு இருக்குறவன் நான். சாமான வாங்கினதும் லைசன்ஸ் உள்ள துப்பாக்கிக் கடையிலதான்.

இப்ப மவுண்ட்டு விஷயத்துக்கு வரேன், நான் தப்பு பண்ணது இங்கதான். ரெண்டு குழல் துப்பாக்கியில மேல் குழல் மேல ஒரு பட்டை ஓடும்ல, ரிப்புன்னு சொல்றது, அதோட ரெண்டு ஓரத்தையும் கவ்விப் பிடிக்கிற மாதிரி ஒரு மவுண்ட் வரும், ஓட்டை போட வேண்டியதில்ல. ஆனா ரிப்பு அகலம் துப்பாக்கிக்குத் துப்பாக்கி மாறும், 6 மில்லி, 7, 8, 10னு இருக்கு, மவுண்ட்டும் அந்த அகலத்துக்கு ஏத்த மாதிரிதான் வரும். நான் அளக்காமயே போயிட்டேன். கடையில இருந்தது ஒரே ஒரு மவுண்ட், 10 மில்லிக்கானது, அங்க இருந்தவரு "போதும் லா, நடுவுல ரப்பர் வச்சு இறுக்கு"ன்னாரு, நானும் வீட்டுக்கு வந்து மோட்டார் டியூப்ல ஒரு துண்டு வெட்டி வச்சு இறுக்கிட்டேன். கையால ஆட்டிப் பாத்தா ஆடல. நல்லாத்தான் இருக்குன்னு நெனச்சேன்.

ரேஞ்சுல 30 மீட்டர்ல பெரிய பேப்பர் கட்டி எஸ்ஜி (உள்ள சில பெரிய குண்டுங்க இருக்குற தோட்டா) போட்டேன். மொத தோட்டா கொஞ்சம் இடது பக்கம். புள்ளிய நகத்தினேன். ரெண்டாவது நல்லா வந்துச்சு. மூணாவது மறுபடி இடது, இன்னும் அதிகமா. மறுபடி திருகினேன். இப்படியே 8 தோட்டா போச்சு, கடைசியில குண்டு பேப்பரோட ஓரத்துல விழுது. தோட்டா நமக்கு லைசன்ஸ்ல இவ்வளவுன்னு கணக்கு உண்டு, வாங்கறப்ப எழுதிக்குவாங்க, அதனால ஒவ்வொன்னும் போகும்போது மனசு அடிச்சுக்கிச்சு. எறக்கிப் பாத்தா ரப்பர் ஒரு பக்கம் நசுங்கி பிதுங்கி நிக்குது, மவுண்ட்டே கோணிக்கிட்டுப் போயிருக்கு, ரிப்போட ஓரத்துல கருப்புப் பூச்சு பேந்து வெள்ளையா ஒரு கீறல். நான் புள்ளிய திருத்திக்கிட்டே இருந்திருக்கேன், நகர்ந்ததெல்லாம் மவுண்ட்டு.

அப்புறம் பொறுமையா செஞ்சேன். மோட்டார் பட்டறை வச்சிருக்குற மச்சான்கிட்ட வெர்னியர் (மில்லி கணக்குல நுணுக்கமா அளக்குற கருவி) வாங்கிட்டு வந்து (துப்பாக்கிய மடக்கித் தொறந்து தோட்டா போடுற ரெண்டு அறையும் காலியான்னு கண்ணால பாத்து வெரலாலயும் தடவிப் பாத்துட்டு, தோட்டாப் பெட்டிய வேற ரூம்புல பூட்டிட்டு) ரிப்ப மூணு எடத்துல அளந்தேன், பின்னால 8 மில்லி, நடுவுல 7.6, முன்னால போகப் போக இன்னும் குறையுது. ஒரே அகலம்னு நெனச்சிருந்தது தப்பு. அதனால மவுண்ட்ட அறைக்குப் பக்கமா பின்னாலதான் வைக்கணும்னு தெரிஞ்சுச்சு, கனமும் கைக்குப் பக்கத்துல இருக்கும், குழல் முன்னால தொங்காது. 8 மில்லிக்கான மவுண்ட் வேணும்னு வேற கடையில சொல்லி வச்சு மூணு வாரம் காத்திருந்து வாங்கினேன்.

உயரமும் பாத்துதான் வாங்கணும். நம்ம துப்பாக்கிக் கட்டையோட கன்னம் வைக்கிற எடம் ரிப்பு வழியா பாக்குறதுக்கு ஏத்த உயரத்துல செஞ்சிருக்காங்க, மவுண்ட் உசரமாயிருச்சுன்னா புள்ளியத் தேடி தலையத் தூக்குவோம், கன்னம் கட்டைய விட்டுரும், சுடும்போது கட்டை வந்து கன்னத்துல அடிக்கும். எவ்வளவு தாழ்வா கிடைக்குதோ அவ்வளவு நல்லது.

மாட்டினது இப்படித்தான். ரிப்பையும் மவுண்ட்டோட தாடையையும் ஸ்பிரிட் போட்டு எண்ணெய் இல்லாம தொடச்சேன். ரப்பர், டேப்பு, பேப்பர் எதுவும் நடுவுல வைக்கல, இரும்பு மேல இரும்பா உக்காரணும். திருகு மூணும் ரொம்பச் சின்னது, அதுக்கு ஊதா நிற லாக்டைட் 222 (திருகு தானாக் கழலாம இருக்கப் போடுற பசை) போதும், 6 மில்லிக்குக் கீழ உள்ள திருகுக்குன்னே வர்றது அது, நான் பட்டறையில நீலம் இருக்கேன்னு எடுக்கப் போனேன், மச்சான்தான் தடுத்தான். சிவப்ப தொடவே தொடாதீங்க, அது நல்லா சூடு காட்டினாத்தான் கழலும். ஒரு சொட்டு போதும். மூணையும் ஒன்னு மாத்தி ஒன்னு கொஞ்சங் கொஞ்சமா இறுக்கி கடைசியா டார்க் ஸ்க்ரூடிரைவர்ல (எவ்வளவு இறுக்குறோம்னு அளவு வச்சு இறுக்குறது) 15 இன்ச்-பவுண்ட், நியூட்டன் மீட்டர் கணக்குல சொன்னா கிட்டத்தட்ட 1.7. உங்க மவுண்ட்டோட தாள்ல வேற அளவு போட்டிருந்தா அதையே எடுத்துக்குங்க. கைவாக்குல இறுக்குனா சின்னத் திருகு தலை வழுக்கிரும்.

அடுத்து ரெட் டாட்ட மவுண்ட் மேல உள்ள பிக்காட்டினி தண்டவாளத்துல (குறுக்க வரிசையா பள்ளம் வெட்டின பட்டை) வைக்கிறது. பள்ளத்துல உக்காரும்போது சும்மா இறுக்காதீங்க, முன்பக்கமா, அதாவது குழல் முனைப் பக்கமா நல்லா தள்ளிப் பிடிச்சுக்கிட்டு இறுக்குங்க. சுடும்போது துப்பாக்கி பின்னால ஒதைக்கும், மேல இருக்குற சாமான் தன் எடத்துலயே நிக்கப் பாக்கும், அதனால பள்ளத்தோட முன்சுவத்துலதான் போய் முட்டும், ஏற்கனவே அங்க முட்டிக்கிட்டு இருந்தா நகர எடமே இல்ல. எனக்கு இத ரேஞ்சுல ஒரு பெரியவர் சொல்லிக் குடுத்தாரு, அவரு காலுக்கே கும்புடு போடலாம்.

கடைசியா வீட்டம்மாவோட கியூடெக்ஸ் எடுத்து ஒவ்வொரு திருகுத் தலையிலேர்ந்தும் மவுண்ட் வரைக்கும் ஒரு மெல்லிசு கோடு போட்டேன், மவுண்ட் முனையிலேர்ந்து ரிப்பு மேலயும் ஒன்னு. எது நகந்தாலும் கோடு ஒடையும். ஒரு நாள் முழுக்க துப்பாக்கியத் தொடாம லாக்டைட் காய விட்டேன்.

மறுபடி ரேஞ்சு. இந்தத் தடவ ஒரு கட்டுப்பாடு, மூணு தோட்டா ஒரே மாதிரி விழுற வரைக்கும் புள்ளியத் தொடவே கூடாது. மூணும் ஒரே எடத்துல, நடுவுலேர்ந்து 12 சென்டிமீட்டர் இடதுல வந்துச்சு. என்னோட ரெட் டாட் ஒரு கிளிக்குக்கு 1 எம்ஓஏ (ரொம்பச் சின்னக் கோண அளவு) நகரும், 30 மீட்டர்ல அது 8.7 மில்லி, 12 சென்டிமீட்டருக்கு 14 கிளிக். 14 கிளிக் வலது பக்கம் திருகினேன், அடுத்த தோட்டா நடுவுல. என் தோட்டாவுல எஸ்ஜி குண்டு 9, ஒம்போதும் பேப்பர்ல நான் வரைஞ்சிருந்த தட்டு அளவு வட்டத்துக்குள்ளயே இருந்துச்சு, எண்ணி எண்ணிப் பாத்தேன். ரெண்டாவது குழலையும் தனியா பாக்க மறக்காதீங்க, ரெண்டும் ஒரே எடத்துல சுடும்னு சொல்ல முடியாது, என்னோடதுல கீழ்க் குழல் நாலு விரக்கடை தாழ்வா போகுது, அது தெரிஞ்சதால மேல் குழலத்தான் முதல்ல பயன்படுத்துறேன்.

போன மாசம் சாயங்காலம் வாய்க்கா மேட்டுல உக்காந்திருந்தேன், பின்னால மண்மேடு இருக்குற திசைய மட்டும் பாத்து. 25 மீட்டர்ல ஒரு பெரிய ஆண் பன்னி கன்னு வரிசைக்குள்ள வந்து நின்னுச்சு. வெளிச்சம் கம்மி, ஆனா புள்ளி தோளுக்குப் பின்னால தெளிவா நின்னுச்சு. ஒரே தோட்டா, அங்கயே சாஞ்சிருச்சு, ஒரு அடி கூட நகரல. மாமா வந்து பாத்துட்டு ஒன்னும் பேசல, என் தோள்ல கை வச்சுட்டு கயிறு எடுக்கப் போனாரு.

வீட்டுக்கு வந்து துப்பாக்கியத் தொடைக்கும்போது டார்ச் அடிச்சுப் பாத்தேன், கியூடெக்ஸ் கோடு நாலும் போட்ட மாதிரியே இருக்கு. மாமா இப்ப அவரு துப்பாக்கிக்கும் மாட்டணுங்கிறாரு. அவரோடது பக்கம் பக்கமா ரெண்டு குழல், ரிப்பு நடுவுல பள்ளத்துல இருக்கு, கவ்வ ஓரமே இல்ல. அதுக்கு கடையில துப்பாக்கி திருத்துறவருகிட்டதான் கொண்டு போகணும், ஞாயித்துக்கிழம போறோம்.